பிழை களையும் கணிதம்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது ஸ்ரீபெரும்புதூர். இராமாநுசர் தோன்றிய திருத்தலமாகப் பல நூற்றாண்டுகள் அறியப்பட்ட அவ்வூர், அங்கிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைகளாலும் இன்று பெயர் பெற்றுள்ளது. மகிழுந்துகளும் கைப்பேசிகளும் தொலைத்தொடர்பு வலையமைப்புக் கருவிகளும் அத்தொழில்வழித்தடத்தில் உருவாகின்றன. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டம் போன்ற பெரும் பணிகளுக்கு இன்றியமையாதவை வலையமைப்புக் கருவிகள். சொல்லையும் படத்தையும் ஒளித்துடிப்புகளாக்கித் தலைமுடி அளவே தடிமனுள்ள கண்ணாடி இழையினுள் அவை செலுத்துகின்றன. மறுமுனையில் அத்துடிப்புகளை மீண்டும் செய்தியாக்குகின்றன.

ஒளி செல்லச் செல்ல மங்கும். மிகத் தூய கண்ணாடி இழையிலும் 50 கி.மீ. கடந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கே எஞ்சும், 100 கி.மீ. கடந்தால் நூறில் ஒரு பங்கு. மங்கிய ஒளி, கருவிகளின் இரைச்சலோடு கலந்து, ஒன்றைச் சுழியாகவும் சுழியை ஒன்றாகவும் காட்டும். இதனைத் தவிர்க்க இரு வழிகள் உண்டு. ஒளியின் திறனைக் கூட்டுவது ஒன்று. பிழை நேரட்டும் என விட்டு, நேர்ந்த பிழையைச் சேருமிடத்திலேயே கண்டு திருத்திக்கொள்வது மற்றொன்று. முதல் வழிக்கு மின்சாரம் வேண்டும். இரண்டாம் வழிக்குக் கணிதம் வேண்டும். அக்கணிதத்தை வகுத்தளித்தோருள் முதல் வரிசையில் நிற்பவர் இராஜ் சந்திர போஸ். ஒளியிழைத் துறையில் அவர் பணியாற்றியவரல்லர். வேளாண் வயல்களுக்கான கணக்குகளில்தான் தம் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டவர்.

போஸ் என்றவுடன் நேதாஜியும், ஜகதீச சந்திர போசும், சத்தியேந்திரநாத் போசும் நம் நினைவுக்கு வருவர். அவ்வரிசையில் இவர் பெயர் அரிதாகவே சொல்லப்படுகிறது.

இளமையும் இழப்பும்

இராஜ் சந்திர போஸ் 1901 ஆம் ஆண்டு சூன் 19 ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள ஹோசங்காபாத்தில் பிறந்தார். தந்தை மருத்துவர், குடும்பம் ரோத்தக் நகரில் வாழ்ந்தது. பள்ளிக் கல்விக்குப்பின் போஸ் தில்லி இந்துக் கல்லூரியில் சேர்ந்தார். 1918 ஆம் ஆண்டு உலகெங்கும் பரவி, இந்தியாவில் பெருந்தொகையான மக்களைப் பலிகொண்ட நச்சுக்காய்ச்சல் அவருடைய தாயையும் கொண்டு சென்றது. அடுத்த ஆண்டே தந்தையும் மறைந்தார். பதினெட்டு வயது இளைஞன் குடும்பத்தின் மூத்த பிள்ளையாக எஞ்சினான்.

கல்வியை அங்கேயே நிறுத்தியிருந்தாலும் குறைகூற எவருமில்லை. போஸ் நிறுத்தவில்லை. வறுமையோடு போராடிக்கொண்டே தூய கணிதம், பயன்பாட்டுக் கணிதம் ஆகிய இரண்டிலும் முதுகலையில் முதல் வகுப்பில் தேறினார். கல்கத்தாவில் வடிவியல் பேராசிரியர் சியாமாதாஸ் முகோபாத்தியாயரின் வழிகாட்டுதலில் ஆய்வில் இறங்கினார். வளைகோடுகளின் இயல்புகளை ஆராய்வதில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. ஆனால், அந்த ஈடுபாடு வயிற்றுக்குச் சோறிடவில்லை. கல்கத்தாவின் அசுதோஷ் கல்லூரியில் விரிவுரையாளராகப் பணியேற்று, எஞ்சிய பொழுதில் கட்டுரைகள் எழுதினார்.

ஐம்பது கட்டுரைகள்

1932 ஆம் ஆண்டு திசம்பரில் அவர் வாழ்வு திசைமாறியது. மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்திருந்தார். பெயர் பெரிது, இடமோ அக்கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பகுதி. போசின் வடிவியல் கட்டுரைகளைப் படித்திருந்த மகலனோபிஸ், பகுதிநேரப் பணிக்கு அவரை அழைத்தார். தமக்குப் புள்ளியியல் தெரியாது என்று போஸ் தயங்கினார். பணியில் சேர்ந்த மறுநாளே, இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ஓர் ஆய்விதழின் தொகுதிகள் முழுவதும் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் படிக்க வேண்டிய ஐம்பது கட்டுரைகளின் பட்டியலும், ரொனால்டு ஃபிஷர் எழுதிய புள்ளியியல் நூலொன்றும் உடன் இருந்தன. அவற்றைக் கற்றுத் தேர்ந்தால் இப்போதைக்குப் போதும் என்பது மகலனோபிஸ் இட்ட கட்டளை. முப்பத்தொரு வயதில், மணமான பின்னர், முற்றிலும் புதிய துறையொன்றைப் போஸ் முதல் எழுத்திலிருந்து கற்கத் தொடங்கினார்.

அக்காலத்தில் புள்ளியியலார்முன் நின்ற பெரிய வினாக்களுள் ஒன்று வயலிலிருந்து வந்தது. ஐந்து நெல் வகைகளுள் எது மிகுந்த விளைச்சல் தரும் என ஒருவர் சோதிக்க விரும்புகிறார் என்க. நிலத்தின் ஒரு புறம் வளமானது, மறுபுறம் களர். ஒரு வகையை வளமான புறத்திலேயே நட்டுவிட்டால், உயர்ந்தது நெல்லா நிலமா என்பது விளங்காது. நிலத்தை ஐந்து வரிசையும் ஐந்து நிரலுமாகப் பிரித்து, ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் ஒருமுறையே வருமாறு நட்டால் அக்குறை நீங்கும். இவ்வமைப்பே இலத்தீன் சதுரம். நெல் வகைகளோடு ஐந்து உரவகைகளையும் சேர்த்துச் சோதிக்க வேண்டுமெனில், இரண்டு இலத்தீன் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்த வேண்டும். அப்போது எந்த நெல்லும் எந்த உரமும் சரியாக ஒருமுறை மட்டுமே இணைதல் வேண்டும். சிறிய சதுரங்களைத் தாளில் முயன்று கண்டுபிடிக்கலாம். பெரியவற்றுக்கு முயற்சி மட்டும் போதாது.

1938 ஆம் ஆண்டு சனவரியில் கல்கத்தாவில் கூடிய முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்கு ஃபிஷர் தலைமை ஏற்றார். ஒன்றோடொன்று இவ்வாறு பொருந்தும் சதுரங்களின் முழுத் தொகுதி எந்தெந்த அளவுகளுக்குக் கிடைக்கும் என்ற வினா அப்போது அவரால் எழுப்பப்பட்டது. விடை காணும் கருவி போசிடம் ஏற்கெனவே இருந்தது. இட்லரின் ஆட்சியில் பதவி பறிக்கப்பட்டு, செருமனியிலிருந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்த யூதக் கணிதப் பேராசிரியர் ஃபிரெடரிக் லெவி, அந்நகரில் புதிய இயற்கணிதத்தைக் கற்பித்து வந்தார். பிரெஞ்சு இளைஞர் எவரிஸ்ட் கலுவா வகுத்த முடிவுறு புலங்களைப் போஸ் அவர்வழி அறிந்துகொண்டார். கலுவா 1832 ஆம் ஆண்டு தம் இருபதாம் வயதிலேயே துப்பாக்கிச் சண்டையொன்றில் உயிரிழந்தவர்.

முடிவுறு புலம் என்பது எண்ணிக்கைக்கு உட்பட்ட உறுப்புகளை மட்டுமே கொண்ட எண்ணுலகம். கடிகாரத்தில் பன்னிரண்டைக் கடந்தால் மீண்டும் ஒன்று வருவதுபோல், அவ்வுலகில் கூட்டலும் பெருக்கலும் எல்லைக்கு வெளியே செல்வதில்லை. கழித்தலும், சுழியால் அல்லாத வகுத்தலும்கூட அதற்குள்ளேயே நிகழும். உறுப்புகளின் எண்ணிக்கை பகா எண்ணாகவோ பகா எண்ணின் அடுக்காகவோ இருந்தால் மட்டுமே அத்தகைய உலகம் அமையும். அந்த அளவுகள் அனைத்துக்கும் சதுரங்களின் முழுத் தொகுதியை அமைக்க இயலும் எனப் போஸ் 1938 ஆம் ஆண்டு மெய்ப்பித்தார். எந்தப் பயனையும் கருதாமல் பிறந்த கணிதம் நெல்வயலில் வேலை செய்யத் தொடங்கியது.

இரு கதவுகள்

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறை தொடங்கப்பட்டபின் போஸ் அங்கு ஆசிரியராகி, 1945 ஆம் ஆண்டு அதன் தலைவரானார். உலகம் அறிந்த அறிஞர். ஆயினும் முனைவர் பட்டம் இல்லை. விதி அதனைக் கேட்டது. அதுவரை வெளிவந்த கட்டுரைகளைத் தொகுத்து அவர் அளிக்க, 1947 ஆம் ஆண்டு அப்பட்டம் வழங்கப்பட்டது. ஓர் ஆய்வில் பல காரணிகளை ஒருங்கே சோதிக்கும்போது அவை ஒன்றோடொன்று குழம்பாதிருக்கும் வழியை ஆராய்ந்த நீண்ட கட்டுரையொன்றும் அவ்வாண்டே வெளிவந்தது. முடிவுறு புலத்தால் ஆன வெளியில், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான எந்தப் புள்ளிகளும் ஒன்றையொன்று சாராதவாறு எத்தனை புள்ளிகளைத் திணிக்கலாம் என்பதே அக்கட்டுரையின் உள்ளிருந்த வினா. அதற்கு அப்போது முழு விடை கிட்டவில்லை.

அதே ஆண்டு வருகைதரு பேராசிரியராக அவர் அமெரிக்கா சென்றார். அங்குப் பணியேற்குமாறு அழைப்புகள் வந்தன. விடுதலை பெற்ற இந்தியாவும் அவரை அழைத்தது. ஆனால், அப்பதவிகள் நிருவாகச் சுமை மிகுந்தவை. கோப்புகளுக்கிடையில் தம் ஆய்வு முடிந்துபோகும் என அவர் அஞ்சினார். 1949 ஆம் ஆண்டு மார்ச்சில், வட கரோலினாவின் சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராகச் சேர்ந்தார். புதிதாய்ப் பிறந்த நாட்டுக்கு ஆசிரியர்களும் ஆட்சியாளர்களும் மிகத் தேவைப்பட்ட காலம் அது. அவ்வேளையில் அவர் சென்றதை இழப்பென்று கருதியோர் இருந்திருக்கலாம். அதில் நியாயமும் உண்டு. அவருடைய மிகச்சிறந்த இரு பணிகளும் அவ்விடத்தில்தான் பிறந்தன என்பதும் உண்மை.

அவற்றுள் ஒன்று நாளிதழின் முதற்பக்கத்துக்குச் சென்றது. ஆறு படைப்பிரிவுகளிலிருந்து ஆறு பதவிநிலைகளைச் சேர்ந்த 36 அதிகாரிகளை, எந்த வரிசையிலும் நிரலிலும் பிரிவோ பதவியோ மீண்டும் வராதவாறு நிறுத்த இயலாது எனப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் கருதினார். 10, 14, 18 என நான்கால் வகுக்க இரண்டு எஞ்சும் அளவுகளுக்கும் அஃது இயலாது என்றார். கணித மேதையின் கூற்றாதலால் 177 ஆண்டுகள் அது நிலைத்தது. 1959 ஆம் ஆண்டு போசும் அவர் மாணவர் சரத்சந்திர சங்கர் ஸ்ரீகண்டேயும் 22 அளவுள்ள சதுரங்களை அமைத்துக் காட்டினர். எர்னஸ்ட் பார்க்கர் 10 அளவுக்கு அமைத்தார். ஆறுக்கு மேற்பட்ட அத்தகைய அளவுகள் அனைத்திலும் ஆய்லரின் கருத்து தவறு என மூவரும் சேர்ந்து நிறுவினர். ஆறைப் பொறுத்தவரை ஆய்லர் கூறியதே சரி.

பழைய வினா, புதிய விடை

மற்றொரு பணி அவ்வளவு ஆரவாரம் எழுப்பவில்லை. தொலைபேசி ஆய்வகமொன்றில் பணியாற்றிய கிளாடு ஷானன், இரைச்சல் நிறைந்த வழியிலும் ஓர் எல்லைக்கு உட்பட்ட வேகத்தில் ஏறத்தாழப் பிழையின்றிச் செய்தி அனுப்ப இயலும் என 1948 ஆம் ஆண்டு மெய்ப்பித்திருந்தார். இயலும் என்றாரேயன்றி, எவ்வாறு என்பதை அவர் வகுக்கவில்லை. 1950 ஆம் ஆண்டு ரிச்சர்டு ஹாமிங், ஒரு தொகுதியில் நேரும் ஒரு பிழையைத் திருத்தும் குறிமுறையை வெளியிட்டார். இரண்டு, மூன்று, பத்துப் பிழைகள் நேர்ந்தால் என் செய்வது? இவ்வினா பொறியாளர்களை வாட்டியது.

சாப்பல் ஹில்லில் போசிடம் ஆய்வு செய்த துவிஜேந்திர குமார் ராய் சௌத்ரியும் போசும் இவ்வினாவை நோக்கியபோது, அது முன்பே பார்த்த முகமாகத் தோன்றியது. 1947 ஆம் ஆண்டு வயல் ஆய்வுக்காக எழுப்பப்பட்ட, புள்ளிகளைத் திணிக்கும் அந்த வினாவே வேறு பெயரில் வந்திருந்தது. உரங்களின் விளைவுகள் ஒன்றோடொன்று குழம்பாதிருக்கும் நிபந்தனையும், பிழையுற்ற இரு செய்திகள் ஒன்றோடொன்று குழம்பாதிருக்கும் நிபந்தனையும் கணிதத்தில் ஒன்றே. அவர்களுடைய கட்டுரை 1960 ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்தது. போசுக்கு அப்போது வயது 58. அவர்கள் அறியாமலே, பிரெஞ்சுக் கணிதர் அலெக்சி ஒக்கெங்கெம் அதே முடிவை 1959 ஆம் ஆண்டு கண்டிருந்தார். மூவர் பெயரின் முதலெழுத்துகளையும் தாங்கி அது பி.சி.எச். குறிமுறை என வழங்குகிறது.

அதன் செயல்முறை நுட்பமானது, கருத்து எளியது. அனுப்ப வேண்டிய சுழிகளையும் ஒன்றுகளையும் ஒரு பல்லுறுப்புக்கோவையின் கெழுக்களாகக் கொள்வர். முடிவுறு புலத்தின் குறிப்பிட்ட சில உறுப்புகளை அக்கோவையில் இட்டால் சுழி வரும்படி, அனுப்புநர் சில சரிபார்ப்பு இலக்கங்களைச் சேர்த்துவிடுவார். பெறுநர் அதே உறுப்புகளை இட்டுப் பார்ப்பார். சுழி வந்தால் செய்தி பழுதற்றது. வாராவிடின், வந்த மதிப்புகளே பிழை எத்தனை, எந்தெந்த இடத்தில் என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஒன்று சுழியாகவோ சுழி ஒன்றாகவோ மாறியிருப்பதே பிழையாதலால், இடம் தெரிந்தால் திருத்தம் தானே அமையும்.

ஏழு இலக்கங்களை அனுப்ப வேண்டும். எந்த இரண்டில் பிழை நேர்ந்தாலும் திருத்த வேண்டும் எனக் கொள்வோம். ஒவ்வொன்றையும் ஐந்துமுறை திரும்பச் சொல்வது ஒரு வழி. அதற்கு 35 இலக்கங்கள் தேவை. பி.சி.எச். முறையில் 15 போதும். பாடநூல்களில் அச்சாகும் விரைவுத் துலங்கல் குறியீட்டில், அக்குறியீட்டைப் படிக்கும் முறையைச் சொல்லும் 15 இலக்கங்கள் இந்தக் குறிமுறையிலேயே அமைந்துள்ளன. அவற்றுள் ஐந்தே செய்தி, பத்து காவல். மூன்று இலக்கங்கள் பழுதானாலும் கைப்பேசி அதனைப் படித்துவிடும்.

ஒளியும் சிக்கனமும்

1960 ஆம் ஆண்டிலேயே இர்விங் ரீடும் குஸ்டாவ் சாலமனும் மற்றொரு குறிமுறையை வெளியிட்டனர். அது பி.சி.எச். குடும்பத்தின் ஒரு கிளையே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. கடலடி ஒளியிழைவடங்களுக்காக 1990-களில் தரப்படுத்தப்பட்டது அக்கிளைதான். 239 பைட் செய்திக்கு 16 பைட் காவல் சேர்த்து, எந்த எட்டுப் பைட்டுகளில் பிழை நேர்ந்தாலும் அது திருத்தும். அதனால் ஒளிச்சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகத் தாழ்ந்தாலும் செய்தி பழுதின்றிச் சேரும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் பிற அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குமாக ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளத்தில் அமைந்து, 2020 ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்ததைப் போன்ற கடலடி வடங்களை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். கடலுக்கடியில் உள்ள ஒளிபெருக்கிகளுக்குக் கரையிலிருந்து வடத்தின் வழியாகவே மின்சாரம் செல்ல வேண்டும். அதற்கு ஓர் எல்லை உண்டு. ஒளியை அளவுமீறிக் கூட்டினாலோ கண்ணாடியே சைகையைத் திரித்துவிடும். தெருக்களில் ஓடும் இழைகளில், ஒரு நிலையத்து ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்கு மின்சாரமின்றிப் பிரித்தளிக்கும் அமைப்பிலும் இதே ரீடு–சாலமன் முறை இடம்பெற்றது.

பிழை திருத்தும் சில்லும் மின்சாரம் உண்பதே. பின்னாளில் வந்த, மேலும் வலிமை மிக்க சில குறிமுறைகள் ஒவ்வோர் இலக்கத்தையும் நிகழ்தகவாகக் கொண்டு பலமுறை கணக்கிடுகின்றன; சில்லு சூடேறுகிறது. பி.சி.எச். குறிமுறையோ, பிழைகள் குறைவாயின், சில சமன்பாடுகளைத் தீர்ப்பதோடு வேலையை முடிக்கும். 239 இலக்கங்களுக்கு 16 காவல் இலக்கங்கள் சேர்த்து இரண்டு பிழைகளைத் திருத்தும் அதன் எளிய வடிவம், இக்கால அதிவேக ஒளியிணைப்புக் குறிமுறைகள் சிலவற்றில் செங்கல்லாக அடுக்கப்படுவது இச்சிக்கனம் கருதியே.

போஸ் 1971 ஆம் ஆண்டு சாப்பல் ஹில்லிலிருந்து ஓய்வு பெற்றார். எழுபது வயதில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் அழைக்க, மீண்டும் பணியேற்று 1980 வரை கற்பித்தார். இதற்கிடையே 1976 ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டாம் ஓய்வுக்குப் பின்னரே அவருடைய கடைசி மாணவர் ஆய்வை நிறைவு செய்தார். 1987 ஆம் ஆண்டு அக்டோபர் 31 ஆம் நாள், 86 ஆம் வயதில் போஸ் காலமானார். அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த முதல் ஒளியிழைவடம் அதற்கு அடுத்த ஆண்டு திசம்பரில்தான் இயங்கத் தொடங்கியது.

ஒளியிழைக் கருவியொன்று சந்தைக்குச் செல்லுமுன் சோதனை மேசையில் வைக்கப்படும். அதனுள் செல்லும் ஒளியைச் சோதிப்பவர் சிறிது சிறிதாக மங்கச் செய்வார். திரையில் இரண்டு எண்கள் தெரியும். திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கை ஆயிரம், இலட்சம் என ஏறிக்கொண்டே செல்லும். திருத்தப்படாத பிழைகளின் கட்டத்தில், ஒளி ஓர் எல்லைக்குக் கீழே மங்கும் வரை, சுழியே நிற்கும்.